விளக்கு கையோடு இருக்கட்டும், வயர் தொலைவில் இருக்கட்டும்

ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம் தஞ்சாவூர்ப் பக்கம் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் வாசலெல்லாம் சோப்பு நுரைதான். சைக்கிள், ஸ்கூட்டி, மோட்டார் சைக்கிள், டிராக்டர் எல்லாவற்றுக்கும் அன்றைக்கு எண்ணெய் தேய்க்காத குறையாக ஒரு குளியல் நடக்கும். அந்தச் சமயத்தில்தான் குறுவை அறுவடையும் சம்பா நடவும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வரும். வயலிலிருந்து ஏறி வரும் டிராக்டர் சக்கரங்கள் தார் ரோட்டிலேயே சேற்றைக் கொட்டிவிட்டுப் போகும். அந்தச் சேறு நம் வண்டியின் மட்கார்டுக்கு உள்ளே போய் அப்பிக்கொண்டு, காய்ந்தால் ஓடு மாதிரி ஆகிவிடும். களிமண்ணும் வண்டலும் கலந்த மண் அல்லவா? லேசில் விடாது.

முன்பெல்லாம் வண்டி கழுவுவது ஆண்பிள்ளைகள் வேலை. இப்போது ஸ்கூட்டியை யார் ஓட்டுகிறார்களோ அவர்கள்தானே கழுவ வேண்டும்? பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, ரேஷன் கடை, மார்க்கெட், ஆஸ்பத்திரி என்று நாள் முழுக்க வண்டியோடு அலைகிறவள் இல்லத்தரசிதான். வாட்டர் சர்வீஸ் கடைக்குக் கொண்டு போகலாம் என்றால், பூஜைக்கு முதல் நாள் அங்கே திருவிழாக் கூட்டம். வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டு வாளியை எடுத்து வைக்கும்போது மணி ஆறு. ஐப்பசி நெருங்கும்போது ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது.

"ஏம்மா, இருட்டுல உனக்கு என்ன தெரியுது? காலையில கழுவிக்கக் கூடாதா?" என்பார் மாமியார்.

"காலையில வாசல் தெளிக்கணும், சுண்டல் பண்ணணும், புஸ்தகமெல்லாம் அடுக்கணும். எப்ப அத்தை கழுவறது? இதோ, ஒரு பல்பை இழுத்துப் போட்டா ஆச்சு" என்பாள் மருமகள்.

இழுத்துப் போடும் அந்தப் பல்பைப் பற்றித்தான் இந்த முறை பேசப் போகிறோம். அதற்குப் பதிலாக, கழுவுகிற கருவியிலேயே ஒரு சின்ன விளக்கை வைத்துக்கொண்டால் எத்தனை சௌகரியம், எத்தனை பத்திரம் என்பதையும் பார்ப்போமா?

ஈரக் கையும் 230 வோல்ட்டும்

டெல்டாக்காரர்களுக்கு மின்சாரத்தின் கொடுமையைப் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சையை ஒட்டியுள்ள களிமேட்டில், அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்துபோனதை நாம் மறக்க முடியுமா? 'அது உயரழுத்தக் கம்பி, வீட்டுக் கரண்ட் அப்படியெல்லாம் செய்யாது' என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது தவறு. 2018 முதல் 2021 வரை, ஒவ்வோர் ஆண்டும் நம் நாட்டில் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள் 12 ஆயிரம் பேருக்கு மேல் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு சொல்கிறது. இதில் வீட்டுக் கொல்லையிலும் வாசலிலும் போன உயிர்களும் உண்டு.

இதை ஒரு சின்ன வகுத்தல் கணக்காகப் பார்க்கலாம். கை கால் நன்றாக நனைந்திருக்கும்போது நம் உடம்பு மின்சாரத்துக்குக் காட்டும் தடை சுமார் 1,000 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 230-ஐ 1,000-ஆல் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர். இது உடம்பு வழியாகப் பாயும் அளவு. 1 மில்லி ஆம்பியரில் லேசாகச் சுரீர் என்னும். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் பிடித்ததை விட முடியாமல் கை இறுகிக்கொள்ளும். 30-க்கு மேலே போனால் மூச்சுக்கும் இதயத்துக்கும் ஆபத்து. 230 என்றால் சொல்லவே வேண்டாம்.

'வீட்டில் டிரிப்பர் இருக்கிறதே, அது தானே விழுந்துவிடும்' என்று சொல்பவர்கள் உண்டு. சாதாரண எம்.சி.பி. என்பது வயரைக் காப்பாற்ற வந்தது, மனிதரைக் காப்பாற்ற வந்ததல்ல. 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கு, உங்கள் உடம்பில் பாயும் கால் ஆம்பியர் கூட இல்லாத மின்சாரம் ஒரு பல்பு எரிவது மாதிரிதான் தெரியும். அது விழாது. ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. என்ற வேறு சுவிட்ச். 30 மில்லி ஆம்பியர் என்று அதன் மேல் எழுதியிருக்கும். மின்சாரம் போன அளவு திரும்பி வரவில்லை என்றால், கண் சிமிட்டும் நேரத்துக்குள் அது இணைப்பைத் துண்டித்துவிடும். அதில் 'டி' என்ற ஆங்கில எழுத்தோடு ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அதை அழுத்திப் பாருங்கள். சுவிட்ச் டக்கென்று விழுந்தால் நல்லது. விழாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இல்லவே இல்லையென்றால், அடுத்த நகைச் சீட்டுக்கு முன்னால் அதை வாங்கி மாட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று. 'இன்வெர்ட்டர் கரண்ட்தானே' என்று அலட்சியம் வேண்டாம். பேட்டரியிலிருந்து வந்தாலும், இன்வெர்ட்டரை விட்டு வெளியே வரும்போது அதுவும் 230 வோல்ட்தான்.

வாசல் விளக்கு ஏன் போதவில்லை?

ஆபத்து என்று தெரிந்தும் பல்பை ஏன் இழுத்துப் போடுகிறோம்? வாசல் விளக்கு போதாததால்தான். அது நம் முதுகுக்குப் பின்னால், எட்டடி உயரத்தில் எரிகிறது. நாம் குனிந்ததும் நம் நிழலே வண்டியின் மேல் விழுகிறது. சக்கரத்தின் உள்பக்கம், செயின் கவரின் அடிப்பக்கம், கால் வைக்கும் பலகையின் கீழே எல்லாம் கும்மிருட்டு. சேறு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

வெளிச்சத்துக்கு ஒரு கணக்கு உண்டு. விளக்குக்கும் பொருளுக்கும் உள்ள தூரம் பாதியானால், வெளிச்சம் நான்கு மடங்காகும். இரண்டு மீட்டர் தள்ளி எரியும் விளக்கை அரை மீட்டருக்குக் கொண்டுவந்தால் 16 மடங்கு. அதாவது பெரிய விளக்கு தேவையில்லை, பக்கத்தில் இருக்கும் விளக்குதான் தேவை. கையில் இருக்கும் பிரஷ்ஷிலோ வாட்டர் கன்னிலோ ஒரு குட்டி விளக்கு இருந்தால், கை போகும் இடத்துக்கெல்லாம் வெளிச்சமும் கூடவே போகும்.

இது புது யோசனை ஒன்றுமில்லை. தையல் மிஷின் வைத்திருக்கும் சகோதரிகளுக்கு உடனே புரியும். ஊசி இறங்கும் இடத்துக்கு நேர் மேலே ஒரு சின்ன விளக்கு இருக்கிறதல்லவா? 1933-ல் அமெரிக்காவில் சிங்கர் கம்பெனி வெளியிட்ட, கையில் தூக்கிப் போகிற சின்ன மின்சாரத் தையல் மிஷினிலேயே அப்படி ஒரு விளக்கு இருந்தது. அதே 1930-களில், தரையைச் சுத்தம் செய்யும் தூசி உறிஞ்சும் மிஷின்களுக்கும் அங்கே முன்னால் விளக்கு வைத்தார்கள். சோபாவுக்கு அடியில் தூசி தெரிய வேண்டுமே!

ஆனால் அவையெல்லாம் காய்ந்த இடத்தில் வேலை செய்யும் மிஷின்கள். வீட்டு மின்சாரத்திலேயே எரியும் பல்பைப் பொருத்தினாலும் பெரிய பாதகமில்லை. தண்ணீரோடு உறவாடும் கருவிக்கு அது சரிப்படாது. அதற்கு எல்.இ.டி. விளக்கு வரவேண்டியிருந்தது. நல்ல பிரகாசமான நீல எல்.இ.டி.யை ஜப்பானியர்கள் 1990-களின் ஆரம்பத்தில் செய்துகாட்டிய பிறகுதான் வெள்ளை எல்.இ.டி. சாத்தியமாயிற்று. அதற்காக இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நகமுரா என்ற மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். சுண்டைக்காய் அளவு விளக்கு, விரல் அளவு பேட்டரி, கண்ணுக்கு நிறைந்த வெளிச்சம். சூடும் குறைவு. தண்ணீர் பட்டால் வெடிக்க, கண்ணாடிக் குமிழும் இல்லை.

மேலே போட்ட கணக்கை மறுபடி போடுங்கள். இந்தச் சின்ன விளக்குகளின் பேட்டரி பெரும்பாலும் 3.7 வோல்ட். 1,000-ஆல் வகுத்தால் 4 மில்லி ஆம்பியர் கூட வராது. விளக்குக்குள் தண்ணீர் புகுந்தால் விளக்குதான் கெடும், உங்களுக்கு ஒன்றும் ஆகாது. கருவியில் விளக்கு வேண்டும் என்று நான் சொல்வதற்கு வெளிச்சத்தைவிட இதுதான் பெரிய காரணம்.

தண்ணீரே விளக்கேற்றுமா?

பேட்டரி கூட இல்லாமல், தண்ணீர் ஓடும் வேகத்திலேயே எரியும் விளக்குகளும் உண்டு. குளியலறை ஷவர்களில் இப்படி வருகின்றன. உள்ளே ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும். தண்ணீர் அதைச் சுழற்ற, அது மின்சாரம் தர, எல்.இ.டி. எரியும். மேட்டூர் அணையில் காவேரி செய்கிற வேலையையே இது கையளவில் செய்கிறது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம் வீட்டுத் தொட்டிக்கு இது ஒத்துவருமா? 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீர்தான் 1 பார் அழுத்தம் தரும். தரைத்தள வீட்டின் மொட்டை மாடித் தொட்டி, குழாயிலிருந்து 4 மீட்டர் உயரம் இருந்தால் அதிகம். அரை பார் கூடத் தேறாது. இருக்கும் கொஞ்ச வேகத்தையும் அந்தச் சக்கரம் பிடுங்கிக்கொண்டால், சேறு எப்படிப் போகும்? மோட்டாரிலிருந்து நேராக வரும் குழாயில் வேண்டுமானால் சரிப்படும். மற்றபடி நமக்குப் பேட்டரி விளக்கே போதும்.

விளக்கு எந்தப் பக்கம் இருக்க வேண்டும்?

அரிசியில் கல் பொறுக்கும்போது என்ன செய்கிறோம்? முறத்தைக் கொஞ்சம் சாய்த்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பிடிக்கிறோம். கல்லுக்கு நிழல் விழுந்து காட்டிக் கொடுத்துவிடும். வண்டியிலுள்ள சேறும் அப்படித்தான். நேருக்கு நேர் வெளிச்சம் அடித்தால் ஈரத்தில் பட்டுக் கண்ணைக் கூசும், அழுக்கு தெரியாது. சாய்வாக, தாழ்வாக அடித்தால் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு பொருக்கும் நிழலோடு எழுந்து நிற்கும்.

அதனால் பிரஷ்ஷாக இருந்தால், விளக்கைக் கைப்பிடியின் பக்கவாட்டில் வையுங்கள். வாட்டர் கன்னாக இருந்தால், தண்ணீர் பாயும் கோட்டுக்குக் கீழே, சற்றுப் பக்கத்தில் வையுங்கள். மேலே வைத்தால் தெறிக்கும் சாரல் முழுவதும் வெள்ளைத் திரையாக எரிந்து கண்ணை மறைக்கும். மார்கழிப் பனியில் காரின் பெரிய விளக்கைப் போட்டால் ஒன்றும் தெரியாமல் போவதில்லையா? பனி விளக்குகளைக் காரின் அடியில் தாழ்வாக வைப்பதும் இதனால்தான்.

நீலம் கலந்த வெள்ளையைவிட, சற்று மஞ்சள் சாயலான வெளிச்சம் நல்லது. கண்ணுக்கும் இதம், பூச்சித் தொல்லையும் குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் விளக்கைப் போட்டதும் பச்சைத் தத்துப்பூச்சிகள் மொய்ப்பது டெல்டா வீடுகளுக்குத் தெரிந்த கதைதானே? விவசாயிகள் விளக்குப்பொறி வைத்துப் பிடிக்கிற பூச்சிகளில் அதுவும் ஒன்று. வாசலில் பெரிய வெள்ளை விளக்கை எரியவிட்டால் உங்கள் வீடே விளக்குப்பொறி ஆகிவிடும்.

நீங்களே பொருத்திக்கொள்ளலாம்

பிறவியிலேயே விளக்கோடு வருகிற கழுவும் பிரஷ்ஷும் வாட்டர் கன்னும் எல்லா ஊர்க் கடைகளிலும் கிடைப்பதில்லை. கிடைக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். சைக்கிள் கடையில், ஹேண்டில்பாரில் மாட்டும் சின்ன எல்.இ.டி. விளக்கைக் கேளுங்கள். ரப்பர் பட்டையோடு வரும். அந்தப் பட்டை ஹேண்டில்பாரைப் பிடிப்பது மாதிரியே வாட்டர் கன்னின் கழுத்தையும் பிடித்துக்கொள்ளும். பட்டை தளர்வாக இருந்தால், பழைய சைக்கிள் டியூபை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி, அடியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மாட்டுங்கள். வழுக்காது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. எடை. ஒரு கோழி முட்டை, மிஞ்சினால் இரண்டு முட்டை எடைதான் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் கால் மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும்.

2. தண்ணீர் தாங்கும் எண். டப்பாவின் மேல் ஐ.பி. என்று ஆங்கில எழுத்துகளும் பக்கத்தில் இரண்டு குறிகளும் இருக்கும். இரண்டாவது குறிதான் தண்ணீருக்கு உரியது. 4 என்றால் நாலா பக்கத்திலிருந்தும் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும். 5 என்றால் குழாயிலிருந்து நேராகப் பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும். 6 அதைவிட வேகமான பீய்ச்சலுக்கு. 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி நேரம் முழுகிக் கிடக்கலாம். வாளி, பிரஷ் வேலைக்கு 4 போதும். ஓஸ் பைப்புக்கு 5 வேண்டும். வாளிக்குள் தவறி விழும் என்று பயந்தால் 7 வாங்குங்கள். 7-ஐத் தாங்குவது பீய்ச்சலையும் தாங்கும் என்று அர்த்தமில்லை. அதனால் இரண்டு எண்ணும் போட்டிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

3. சார்ஜ் போடும் துளைக்கு இறுக்கமான ரப்பர் மூடி இருக்க வேண்டும்.

எண் எதுவும் போடாத டார்ச் வீட்டில் இருக்கிறதா? அதற்கும் ஒரு பரீட்சை உண்டு. பேட்டரியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் காய்ந்த காகிதக் கைக்குட்டையைச் சுருட்டி வைத்து மூடுங்கள். ஐந்து நிமிஷம் குழாயடியில் எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பிக் காட்டுங்கள். துடைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். காகிதம் காய்ந்திருந்தால் பாஸ்! நனைந்திருந்தால் அந்த டார்ச் கொல்லைக்குப் போய்வர மட்டும்தான்.

2018 நவம்பரில் கஜா புயல் வந்து பல நாள் கரண்ட் இல்லாமல் கிடந்த பிறகு, நம் பக்கத்தில் பல வீடுகளில் சார்ஜ் லைட் சேர்ந்துவிட்டது. வயலுக்கு ராத்திரியில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்கள் தலையில் கட்டும் விளக்கும் வைத்திருப்பார்கள். அவசரத்துக்கு அதுவும் உதவும். ஆனால் வெளிச்சம் கண்ணின் நேர்க்கோட்டிலேயே போவதால் நிழல் விழாது, ஈரத்தில் கூசும். கையில் இருக்கும் விளக்குக்கு அது ஈடாகாது.

வேலை முடிந்ததும் சோப்பு போக நல்ல தண்ணீரில் அலசி, துணியால் துடைத்து, நிழலில் உலர விடுங்கள். ஈரத்தோடு சார்ஜ் போடாதீர்கள். மூடியிலுள்ள ரப்பர் வளையத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிப் பிடிப்பு போய்விடும். சிலிக்கான் கிரீஸ் ஒரு பொட்டு போதும். பேட்டரி உப்பியிருந்தால் அந்த விளக்கைத் தொடர்ந்து உபயோகிக்கவே கூடாது. சித்திரை வெயிலில் ஸ்கூட்டி டிக்கிக்குள் போட்டும் வைக்காதீர்கள்.

இதைச் செய்யாதீர்கள்

மின்சாரத்தில் ஓடும் பிரஷர் வாஷர் வீட்டில் இருந்தால், அதன் துப்பாக்கியில் ஓட்டை போட்டோ மிஷினிலிருந்து வயர் எடுத்தோ விளக்கு பொருத்தக் கூடாது. 'ரெண்டு வயர் இழுத்துக் கொடுக்கிறேன் அக்கா' என்று எந்தத் தம்பி வந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். பேட்டரி விளக்கை வெளியே கட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மிஷினை மூன்று பின் பிளக்கில், எர்த் உள்ள பாயிண்டில் மட்டும் செருகுங்கள். வயரின் நடுவே ஒட்டுப் போட்ட இடம் தரையில் கிடக்கக் கூடாது.

வண்டி பேட்டரி ஸ்கூட்டராக இருந்தால், சார்ஜ் ஏறும்போது கழுவவே கூடாது. சார்ஜ் துளையின் மேல் நேராகத் தண்ணீரைப் பீய்ச்சுவதும் கூடாது. அந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் இன்னும் இரண்டு ஜாக்கிரதை. முதலாவது, விளக்கு எரிகிற துப்பாக்கி என்றால் குழந்தைக்கு அது பொம்மைதான். வீட்டு பிரஷர் வாஷரே 100 பார் அளவு வேகத்தில் அடிக்கும். அந்த வேகத்தில் தண்ணீர் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தினாற்போல் சின்னக் காயம்தான் தெரியும், உள்ளே சதை கெட்டுப்போகும். அப்படி ஆனால் மஞ்சள் வைத்துக் கட்டி உட்கார்ந்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இரண்டாவது, பட்டன் பேட்டரி. சில மலிவு விளக்குகளில் பொத்தான் மாதிரி வட்டப் பேட்டரி இருக்கும். குழந்தை அதை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே புண்ணாக்கிவிடும். பேட்டரி மூடியை ஸ்குரூ போட்டு மூடிய விளக்காகப் பார்த்து வாங்குங்கள். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல், எக்ஸ்ரே வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது.

கருவியில் விளக்கு இருக்கிறது என்ற தைரியத்தில், இருட்டில் ஆற்றுப் படித்துறைக்கு வண்டியைக் கொண்டு போகாதீர்கள். வெண்ணாறானாலும் புது ஆறானாலும், தண்ணீர் திறந்துவிட்டிருக்கும்போது படியின் பாசியும் ஆழமும் இந்தக் குட்டி விளக்குக்குத் தெரியாது. வண்டியின் எண்ணெய்க் கசடு ஆற்றில் கலப்பதும் நல்லதல்ல. கொல்லையில் கழுவுகிறவர்கள், கையை வண்டிக்கு அடியில் விடுமுன் விளக்கை விட்டுப் பாருங்கள். மழைக்காலத்தில் பாம்பும் தேளும் ஒதுங்குவதற்கு அது வசதியான இடம்.

யாருக்காவது ஷாக் அடித்துவிட்டால்

பதறிப்போய் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். அது எட்டாத இடத்தில் இருந்தால், ஈரமில்லாத பலகை மேல் நின்று, காய்ந்த கம்பாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ வயரைத் தள்ளிவிடுங்கள். 108-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.

ஆள் மயங்கி, மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, நெஞ்சின் நடுவில் ஒரு கையின் மேல் இன்னொரு கையை வைத்து, இரண்டு அங்குல ஆழத்துக்கு அழுத்தி விடுங்கள். நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை. ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தக் கூடாது. மண்ணில் புதைப்பது, வாயில் தண்ணீர் ஊற்றுவது என்று நேரத்தைக் கடத்த வேண்டாம். எழுந்து உட்கார்ந்து 'எனக்கு ஒண்ணுமில்லை' என்று அவர் சொன்னாலும், இதயத் துடிப்பை ஒரு முறை டாக்டரிடம் பார்த்துவிட வேண்டும். கர்ப்பிணிகள் லேசான ஷாக் என்றால்கூடக் கட்டாயம் டாக்டரிடம் போக வேண்டும்.

பூஜைக்கு முன்னால் ஒரு வேலை

இந்த இதழைக் கீழே வைத்ததும் வீட்டுப் பரணைப் பாருங்கள். ஹோல்டரும் பல்பும் கட்டிய நீள வயர் ஒன்று அங்கே சுருண்டு கிடக்கும். போன வருஷம் வண்டி கழுவவோ, நெல் தூற்றவோ, விசேஷத்துக்குப் பந்தல் போட்டபோதோ உபயோகித்தது. நடுவில் இரண்டு இடத்தில் ஒட்டு இருக்கும். 'பின்னால் உதவும்' என்று நாம்தான் பத்திரப்படுத்தியிருப்போம். அதைத் திரும்பப் பரணில் போடாதீர்கள். நீங்கள் எடுக்காவிட்டாலும், நீங்கள் ஊரில் இல்லாத ஒரு சாயங்காலம் பிள்ளையோ மாமனாரோ எடுப்பார்கள். பிளக்கில் செருகாமல் இருக்கும்போதே அந்த வயரைத் துண்டு துண்டாக வெட்டிப் பழைய சாமான்காரரிடம் போடுங்கள். செம்புக் கம்பிக்கு நல்ல விலை கிடைக்கும். சைக்கிள் விளக்கு வாங்க அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்துப் போட்டால் போதும்.